ஒரு நூல் இடதுபக்கம்

வேல்ராஜுக்கு மூளை பிசகிவிட்டது என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு. துறைமுகச் சாலை டீக்கடையில் டிரெய்லர் டிரைவர் ஒருவர் சொன்னதை மாவு மில்லில் நின்ற யாரோ கேட்டு, அவர் சொன்னதை எதிர்வீட்டுச் சண்முகத்தாய் கேட்டு, அவள் வாய் வழியாக வேல்ராஜின் மனைவி பிரேமாவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது செய்தி இப்படி வளர்ந்திருந்தது: மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் வேல்ராஜ், தன்னுடைய பழைய பச்சைக் காரில், பெண்டாட்டி உட்கார வேண்டிய இடத்தில் ஓர் உப்பு மூட்டையை உட்கார வைத்து, அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டு, பைபாஸில் போவதும் வருவதுமாக இருக்கிறார், போகும்போது ஏதோ பேசிக்கொண்டே போகிறார், மூட்டை பதில் சொல்கிறதா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

“ஏளா பிரேமா, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாத. திருச்செந்தூர்ல ஒரு ராத்திரி தங்க வச்சுக் கூட்டிட்டு வா. கடல்ல முங்கி எந்திரிச்சா எல்லாம் தெளிஞ்சிரும்,” என்று சண்முகத்தாய் வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனாள்.

வதந்திகளில் இது யோக்கியமான வதந்தி. காரும் உண்மை, மூட்டையும் உண்மை, பெல்ட்டும் உண்மை, பேச்சும் உண்மை. நோயின் பெயர் மட்டும் தப்பு. வேல்ராஜுக்குப் பைத்தியமில்லை; பைத்தியத்துக்காவது மாத்திரை இருக்கிறது. அவர் ‘ஒரு நூல்’ இனத்தைச் சேர்ந்தவர்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொத்தனாரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பங்குபோட்டு ஒரு பங்கை ‘நூல்’ என்பார்களே, அந்த நூல்தான். உலகத்தில் உள்ள சகல வஸ்துக்களும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளி இருக்கின்றன என்பது இவர்களுடைய மதம். இவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், நீங்கள் நீட்டுகிற தண்ணீர்ச் செம்பை வாங்குவதற்கு முன்னால் சுவரில் தொங்கும் காலண்டரை நேராக்குவார். ஹோட்டலுக்குக் கூட்டிப்போனால், இலை போடுவதற்குள் மேஜைக்கு அடியில் போய், ஆடும் காலுக்குக் காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்து, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, “இப்ப ஆட்டிப் பாருங்க” என்பார். கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்த்து அட்சதை போடும்போது, இவர் மட்டும் வாசல் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்; அது சாய்ந்திருக்கும். தெருவில் யார் காரைப் பின்னால் எடுத்தாலும் இவர் பின்னே நின்று கையை ஆட்டி, “ஒடி, ஒடி, இன்னும் ஒடி” என்பார். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. சலூன்காரர் கண்ணாடியைப் பின்னால் பிடித்து “சரியா இருக்கா?” என்று மரியாதைக்குக் கேட்டால், நாமெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம், இவர் “வலது கிருதா ஒரு நூல்…” என்று ஆரம்பிப்பார். வலதை ஏற்ற, அதற்காக இடதை ஏற்ற, அதற்காக மறுபடி வலதை ஏற்ற, கடைசியில் இரண்டு கிருதாவும் காதுக்கு மேலே போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொள்ளும்.

இவர்கள் பேச்சில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பயப்பட வேண்டும். “நல்லாத்தான் இருக்கு. ஆனா…” அந்த ‘ஆனா’ வந்துவிட்டால், வீட்டில் உள்ள ஸ்பானர், சுத்தியல், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

உள்ளூரிலேயே இருக்கும் ஒரு நூல்காரர் வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார், சுற்றியிருப்பவர்கள் பழகிக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர் விஷயம் வேறு. அங்கே இருக்கும்போது அவர் வீடியோ காலில் மனைவியின் முகத்தையா பார்க்கிறார்? முகத்துக்குப் பின்னால் சுற்றும் மின்விசிறியைப் பார்க்கிறார். “அது ஏன் அப்படி ஆடுது? போனை மேல தூக்கிக் காட்டு.” பிறகு படுத்தால் தூக்கம் வராது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதோ, கேட் கொக்கி விழுந்திருக்குமோ, மாடிச் சுவரில் போன மழைக்கு விழுந்த விரிசல் இந்த மழைக்கு எவ்வளவு தூரம் போயிருக்குமோ என்று, கடலுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து வீட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் இருப்பவர் கண்ணுக்கு வீடு எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் தெரியும். லீவு கிடைத்து வந்து இறங்கியதும் அத்தனை கவலைக்கும் சேர்த்து ஸ்பானரை எடுப்பார்.

வேல்ராஜுக்கு மஸ்கட் பக்கத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் வேலை. ஆனை எடையைத் தூக்கும் கிரேனில் ஒரு நூல் பிசகினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த அறிவை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறலாம். யார் ஏறுகிறார்கள்?

காருக்கு வருவோம். குன்னூர் எஸ்டேட் முதலாளி ஒருவர் விட்டுப்போன, அறுபதுகளில் பிறந்த, துணிக்கூரை போட்ட, இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்காதீர்கள். கேட்டால் வேல்ராஜ் பதில் சொல்வார், பொழுது விடிந்துவிடும். அதில் இரண்டே இரண்டு சீட். வாங்கியபோது ஊரே சிரித்தது. “அந்தக் காசுக்கு ஏழு பேர் போற வண்டி வாங்கியிருக்கலாம்லா அத்தான்” என்று பிரேமாவின் தம்பி பாண்டியராஜன் நேருக்கு நேராகவே கேட்டான். அவன் வைத்திருப்பது அந்த ஏழு பேர் வண்டிதான்.

ஆனால் வேல்ராஜ் அந்தக் காரை வாங்கியதே ஏழு பேர் ஏற முடியாது என்பதற்காகத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவரும் பிரேமாவும் தனியாக ஒரு நெடுஞ்சாலையில் போனதில்லை. அவர் வந்து இறங்கும்போது வேன் நிறையச் சொந்தக்காரர்கள். அவரை ஏற்றிவிடப் போகும்போது அதே வேன், அதே சொந்தக்காரர்கள், யாராவது ஒருத்தி மடியில் மட்டும் புதிதாக ஒரு குழந்தை. திருச்செந்தூருக்குப் போனாலும் கூட்டம், குற்றாலத்துக்குப் போனாலும் கூட்டம். மனைவி எப்போதும் மூன்றாவது வரிசையில், சாப்பாட்டுத் தூக்குகளுக்கு நடுவில். இவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்று இந்த மனிதருக்கு ஆசை. வெளியில் சொல்ல வெட்கம். கார் வாங்கிவிட்டார்.

அந்தக் கார்தான் போன லீவில் காலை வாரிவிட்டது. முதன்முதலாக பிரேமாவை ஏற்றிக்கொண்டு துறைமுக பைபாஸில் வேகம் எடுத்ததும், கருவாட்டைக் கண்ட பூனை மாதிரி வண்டி இந்தப் பக்கம் பாய்ந்தது, அந்தப் பக்கம் பாய்ந்தது, கடைசியில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்றின் சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரத்தில் நின்றது. பிரேமா இறங்கினாள். செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். ஆட்டோவைக் கை காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வேல்ராஜ் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இந்த லீவில் பிரேமாவின் அக்கா மகளுக்கு மதுரையில் நிச்சயதார்த்தம். பாண்டியராஜனின் வண்டியில் மூன்றாவது வரிசை வழக்கம்போல அவளுக்காகக் காத்திருந்தது. வேல்ராஜ் நாலு நாள் சுற்றிச் சுற்றி வந்து, ஐந்தாவது நாள் கேட்டார். பிரேமா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தாள்.

“வாரேன். ஆனா ஒண்ணு. வழியில வண்டிய ஓரங்கட்டி, கீழ போய்ப் படுத்து, அத முடுக்குதேன் இத முடுக்குதேன்னு ஆரம்பிச்சிய, நான் பாட்டுக்குப் பஸ்ஸப் பிடிச்சுப் போய்ருவேன். அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல அந்த சீட்டுல உக்கார மாட்டேன். பாத்துக்கிடுங்க.”

“செந்தூரான் சத்தியமா கீழ படுக்க மாட்டேன்,” என்றார் வேல்ராஜ்.

போகும் வழியில் படுக்கக் கூடாது என்றால் போவதற்கு முன்னாலேயே படுத்துவிட வேண்டும். காரை விக்டரின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

விக்டர் வேல்ராஜோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். மீளவிட்டான் பக்கம் டிரெய்லர்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். இவர் நேர் எதிர் இனம். விக்டரின் சித்தாந்தம் இரண்டே சொல்: “உருளுதா? போதும்.” கழன்றது தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. ஒரு நூல்காரருக்கு இப்படி ஒரு ஸ்நேகிதர் அமைவது இயற்கையின் ஏற்பாடு. இரண்டு ஒரு நூல்காரர்கள் ஒரே காருக்கு அடியில் படுத்தால் கார் மிஞ்சாது.

“என்னல இது, ஆனைக்கூட்டத்துல முயலக் கொண்டாந்து கட்டுத?” என்றார் விக்டர், டிரெய்லர்களுக்கு நடுவே கணுக்கால் உயரத்துக்கு நின்ற காரைப் பார்த்து.

“எம்பதுக்கு மேல போனா ரோட்டுல நிக்க மாட்டேங்குது, விக்டர்.”

“அப்ப எழுபதுல போ.”

வேல்ராஜ் அந்த ஆலோசனையை மதிக்கவில்லை. முதலில் தேய்ந்து தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி ஆடிய ரப்பர் புஷ்களைக் கழற்றிப் புதிது போட்டார். ஷாக் அப்சார்பரில் கெட்டுப்போயிருந்த எண்ணெயை இறக்கி, கொஞ்சம் கெட்டியான எண்ணெய் விட்டார். லாரிக்கு அடிக்கிற ஞாபகத்தில் பெட்ரோல் பங்கில் அடித்துவிட்ட காற்றை டயரிலிருந்து பாதிக்கு இறக்கினார். அப்புறம்தான் பெரிய காரியம்: முன்சக்கரங்களின் பார்வை. வண்டி மாடு இரண்டும் மூக்கைச் சற்றே உள்பக்கம் வைத்து நடந்தால் வண்டி நேரே போகும். ஆளுக்கொரு வயலைப் பார்த்தால் ரோட்டில் நிற்காது. கார் சக்கரமும் அப்படித்தான். வேல்ராஜ் காரின் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டி, நரம்புக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் அளந்து, சக்கரங்களை இணைக்கும் ராடை அரைச்சுற்று திருகி, மறுபடி அளந்து, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி அளந்து, மூச்சை நிறுத்தி, மறுபடி அளந்தார். நரம்பில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டிவிட்டு அளந்தார்.

இங்கேதான் உப்பு வருகிறது. ஆள் இல்லாத காரைச் சரிசெய்து என்ன பிரயோஜனம்? ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் சாயும், கணக்கு மாறும். ஆகையால் ஆள் எடைக்கு எடை சீட்டில் பாரம் வைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். வேறு ஊராக இருந்தால் மணல் மூட்டை வைத்திருப்பார்கள். தூத்துக்குடியில் கையை நீட்டினால் அகப்படுவது உப்பு. உப்புக்காற்று பட்டுத் துருப்பிடித்துவிடுமே என்று காருக்குப் போர்வை போர்த்தி, போர்வைக்கு மேல் தார்ப்பாய் போர்த்தி, லீவு முடிந்து போனபிறகும் வீடியோ காலில் “தார்ப்பாயை விலக்கிக் காட்டு” என்று கேட்கிற மனிதர், அந்த எமனையே தூக்கிக் காருக்குள் உட்கார வைத்து, எமனுக்கு பெல்ட்டும் மாட்டினார். இப்படி ஒரு காரியம் இந்த ஊர்க்காரருக்குத்தான் தோன்றும்.

தன் மூட்டையைத் தயார் செய்வது சுலபமாக இருந்தது. பர்ஸ், போன், சாவிக்கொத்து உட்படத் தராசில் ஏறி நின்று, அதே எடைக்கு உப்பு நிறுத்துக் கட்டினார். மனைவியின் மூட்டைக்குத்தான் எடை தெரியவில்லை. சாப்பிடும்போது கேட்டார்.

“ஏளா, உன் வெயிட்டு என்ன?”

பிரேமாவின் கையில் இருந்த சாம்பார் கரண்டி அந்தரத்தில் நின்றது. “எதுக்கு?”

“வண்டிக்கு.”

“வண்டிக்கு என் வெயிட்டு எதுக்கு?”

வேல்ராஜ் விளக்கினார். ஸ்பிரிங், சக்கரம், மாடு, மூக்கு. பிரேமா முழுவதும் கேட்டாள். பிறகு, விமான நிலையச் சுங்கத்தில் ‘வரி கட்ட வேண்டிய சாமான் ஏதாவது உண்டா’ என்று கேட்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்லும் முகத்தோடு சொன்னாள்:

“அறுவது.”

வாசகரே, கவனியுங்கள். ஒரே நீளத்தை இரண்டு டேப்பால் அளக்கிறவர், இரண்டும் ஒத்துப்போனால் மூன்றாவது டேப் தேடுகிறவர், ரசமட்டத்தையே இன்னொரு ரசமட்டம் வைத்துச் சோதிக்கிறவர், இந்த ஒரு எண்ணை மட்டும் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். காதலா? பயமா? இரண்டுக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி.

விக்டர் எண்ணைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அறுவதா?”

“அறுவது.”

“எதுக்கும் ஒரு அரை மூட்டைய மேல தூக்கி வையி மக்கா. நான் ஒண்ணும் சொல்லல. மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் போன வருஷம் மதினி வந்தாவளா, எங்க வீட்டுப் பிளாஸ்டிக் சேரு…”

“ஏலே, அவ அறுவதுன்னா அறுவதுதான்.”

“சரிப்பா, அறுவது. எனக்கென்ன, உருளுதா போதும்.”

அப்படித்தான் இடது சீட்டில் அறுபது கிலோ பிரேமா பெல்ட் மாட்டி உட்கார்ந்தாள். வலது சீட்டு மூட்டையை இறக்கிவிட்டு வேல்ராஜ் ஏறி, இடது மூட்டையோடு பைபாஸில் சோதனை ஓட்டம் போனார். ஓட்டிக்கொண்டே எழுத முடியாதாகையால், “எழுபது, நேரா போகுது, எம்பது, லேசா சிணுங்குது” என்று போனில் பேசிப் பதிவு செய்தார். டிரெய்லர் டிரைவர் பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பட்டறை, நரம்பு, அரைச்சுற்று. ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கார் நூறில் கையை விட்டாலும் கோடு கிழித்த மாதிரி போனது. வேல்ராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நல்லாத்தான் இருக்கு, என்று சொன்னார். ‘ஆனா’ வரவில்லை. சரித்திரத்தில் முதல் தடவை.

மூட்டையை இறக்காமலே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டதுதான் பிசகு. சண்முகத்தாய் வந்துபோன சூடு ஆறாமல் வாசலில் நின்ற பிரேமா, காருக்குள் எட்டிப் பார்த்தாள். பெல்ட்டுக்கு மேலும் கீழும் பிதுங்கிக்கொண்டு மூட்டை உட்கார்ந்திருந்தது.

“இது யாரு?”

“நீதான்.”

பிரேமா மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “நான் இம்புட்டு குண்டாவா இருக்கேன்?”

“நீ சொன்ன அறுவதுதாம்ளா. ஒரு குண்டுமணி கூடக் கிடையாது.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். வேல்ராஜ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். நிச்சயத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஆத்தூர் வெற்றிலைக் கட்டையும் பழத்தையும் பின்பெட்டியில் இடமும் வலமுமாக நிறுத்துப் பார்த்து வைத்தார். முந்திரி மக்ரூன் டப்பாவைப் பின்னால் வைத்தால் நொறுங்கிவிடும் என்று பிரேமா மடியில் வைத்துக்கொண்டாள். பாண்டியராஜன் தன் ஏழு பேர் வண்டியிலிருந்து தலையை நீட்டி, “அக்கா, வழியில நின்னா போன் அடி, வந்து அள்ளிட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

கோரம்பள்ளம் தாண்டும் வரை பிரேமா கதவுக் கைப்பிடியை விடவில்லை. குறுக்குச்சாலையில் பிடி தளர்ந்தது. எட்டயபுரம் வருவதற்குள், துணிக்கூரையை மடக்கியிருந்ததால் வரும் காற்றுக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாய்ந்தே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கமும் கரிசல் நிலம் தட்டையாக ஓடியது. ஒரு லாரி கடந்துபோனது, கார் அசையவில்லை. ஒரு சொகுசு பஸ் சீறிக்கொண்டு கடந்துபோனது, கார் அசையவில்லை. பிரேமா டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூன் எடுத்துத் தான் கடித்துக்கொண்டு, இன்னொன்றை அவர் வாயில் வைத்தாள்.

பேசவும் ஆரம்பித்தாள். தன் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ரயிலைத் தவறவிட்ட கதை. அதை மறைக்க அவள் அப்பா நாதஸ்வரக்காரரிடம் ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன கதை. வாசித்தவர் கடைசியில் சண்டைக்கு வந்த கதை. இத்தனை வருஷமாக மூன்றாவது வரிசையில் தூக்குகளுக்கு நடுவே வைத்திருந்த கதைகள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேல்ராஜும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

எதை? முன் இடது டயரை.

அவர் கையில், ஸ்டியரிங் வழியாக, எறும்பு ஒன்று விரலைப் பிடித்து இழுப்பது போல ஒரு சின்ன இழுப்பு. வேறு எந்த மனிதரும் உணர்ந்திருக்க மாட்டார். மூட்டையோடு போனபோது இது இல்லையே? வெற்றிலையா? பழமா? காற்றா? ரோட்டுச் சரிவா? பந்தல்குடி வரும்வரை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். எல்லாம் கழிந்தபின் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது மக்ரூன் தின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்திருப்பது அறுபது இல்லை. கார் பொய் சொல்லாது.

புத்திசாலி இந்த இடத்தில் என்ன செய்வான்? ஸ்டியரிங்கை ஒரு நூல் வலதுபக்கம் பிடித்துக்கொண்டு, இன்னொரு மக்ரூன் கேட்பான்.

பிரேமா கதையை முடித்துவிட்டு, மடியில் சிந்திய மக்ரூன் தூளைத் தட்டிவிட்டாள். பிறகு, அவர் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னாள்:

“மதுரைக்கும் போவாம, எங்கயும் நிக்காம, இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம் போல இருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த மனிதர் பாலைவனத்து வெயிலில் கிரேனில் ஏறி இறங்கிக் கார் வாங்கினார். இதற்காகத்தான் விக்டரிடம் ஏச்சு வாங்கினார், உப்பு சுமந்தார், ஊரிடம் பைத்தியக்காரப் பட்டம் வாங்கினார். வாக்கியம் வந்துவிட்டது. வேல்ராஜ் வாயைத் திறந்தார்.

“இடதுபக்கம் ஒரு நூல் இழுக்குது.”

பிரேமா திரும்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் போகுது. ஆனா… நீ கொஞ்சம் இங்கன நகந்து உக்காரு. அந்த டப்பாவ இந்தப் பக்கம் வையி. ம், கைப்பையையும்.”

அவள் நகர்ந்தாள். டப்பாவை மாற்றினாள். கைப்பையை மாற்றினாள். எறும்பு விடவில்லை. அவர் நெற்றியில் வேர்த்தது. நாம் எல்லோரும் சேர்ந்து அவர் வாயைப் பொத்தலாம் என்றால், எட்டாத தூரத்தில் இருக்கிறோம்.

“ஏளா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். உண்மையச் சொல்லு. அறுவதுதானா?”

பிரேமா மக்ரூன் டப்பாவை அழுத்தி மூடினாள். அருப்புக்கோட்டை பைபாஸ் விலக்கு வந்ததும், “நிறுத்துங்க, பூ வாங்கணும்” என்றாள். வேல்ராஜ் மகிழ்ச்சியோடு நிறுத்தினார். பூவுக்கு எடை கிடையாது. பிரேமா இறங்கினாள். கைப்பையைத் தோளில் மாட்டி, முந்தானையை உதறினாள். பூக்காரியைக் கடந்து நடந்தாள். உறுமிக்கொண்டு நின்ற மதுரை பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

“ஏளா! ஏளா, நான் கீழ படுக்கலையே! சத்தியத்த மீறலையே!” என்று வேல்ராஜ் நடுரோட்டில் நின்று கத்தியது முழுக்க முழுக்க உண்மை. பஸ்ஸுக்கு அது கேட்கவில்லை.

அவர் காரில் பாய்ந்து ஏறி பஸ்ஸைத் துரத்தினார். வேகம் எடுத்ததும் கார் வலதுபக்கம் இழுத்தது. எறும்பு இல்லை இப்போது. கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல இழுத்தது. இடது சீட்டில் யாருமில்லை. அந்தக் காரின் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும், ஒவ்வொரு புஷ்ஷையும், ஒவ்வொரு அரைச்சுற்றையும் அவர் தம் கையால், பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று வைத்துத்தான் முடுக்கியிருந்தார். தனியாள் ஓட்டினால் நேரே போகாத ஒரு காரை அவ்வளவு பாடுபட்டுச் செய்து வைத்திருக்கிறார். பஸ்ஸின் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. டோல்கேட்டுக்கு முன்னால் ஓரங்கட்டினார். சக்கரத்துக்கு அடியில் பார்க்கவில்லை. அதை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். போனை எடுத்து பிரேமாவின் நம்பரைப் போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொல்ல வந்தாரே, என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரை கோணலாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதா? பரவாயில்லை. நூல்காரர்கள் யாரும் தங்களை நூல்காரர் என்று ஒப்புக்கொண்டதில்லை. ‘எனக்கு எல்லாம் சரியா இருக்கணும், அவ்வளவுதான்’ என்றுதான் சொல்வார்கள். இந்தக் கதையிலும் வேல்ராஜ் எந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு மூன்று திருத்தம் யோசித்து வைத்திருப்பீர்கள். அதில் ஒன்றை இப்போதே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருக்கும். உட்காருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ அப்படியே இருக்க விடுங்கள்.

வேல்ராஜ் காதில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. பிரேமா வைத்திருக்கும் காலர் டியூனில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். சுருதி ஒரு நூல் இறங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. எடுத்ததும் அதைச் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது, என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். மணி அடிக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.